தவிட்டோடு கொடுத்த மாத்திரை

சுனாமி வந்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2006, பொங்கல் முடிந்த சமயம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் நானும் என் தம்பி மகளும் மட்டும் இருந்தோம்.

எனக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. யாரிடமும் அதிகம் பேச வராது எனக்கு. உப்பளத்துக்குப் போவேன், வருவேன், படுப்பேன். தம்பியும் அவன் பெண்டாட்டியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, ஒன்பதாவது படிக்கிற மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் வந்த பிறகுதான் என் வீட்டில் இரண்டு தட்டு கழுவ ஆரம்பித்தேன். அவளும் என்னைப் போலத்தான், வாயே திறக்க மாட்டாள். ஒரு நாளைக்கு நாங்கள் பேசிய வார்த்தையை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் ஸ்கூலில் கேம்ப் வைத்தார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, விரலில் குத்திப் பார்த்து, ரத்தம் ரொம்பக் கம்மி என்றார்கள். தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, இரண்டு மாதத்துக்கு. கீரை, பழம், நார்ச்சத்து எல்லாம் சாப்பிடச் சொன்னார்கள்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரெண்டு மாசம் பாருக்கா. தேறலன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். படிச்ச வரைக்கும் போதும்" என்றான். அங்கே போனால் அவளுக்கு ஸ்கூல் கிடையாது, சித்தாள் வேலைதான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பழையபடி ஒரே தட்டுதான். எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை போட்ட நாலாம் நாளே அவளுக்கு வயிறு கட்டிக்கொண்டது. காலையில் கண்ணில் தண்ணீரோடு வெளியே வருவாள். என்னோடு உப்பு சுமக்கிறவளிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"நார்ச்சத்துன்னா என்னா?"

"தவிடுதான். கொஞ்சம் போட்டுக் குடு, வயிறு நல்லா போவும்."

மில்லுக்குப் போய்க் கோதுமைத் தவிடு வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்துவிட்டு, "மருமவளுக்கா, மாட்டுக்கா?" என்று அந்த உப்பு சுமக்கிறவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேன்.

கேழ்வரகு மாவைச் சலிப்பதையும் விட்டுவிட்டேன். சலிக்காத மாவில் கூழ் காய்ச்சி, வறுத்த தவிட்டை ஒரு கை அள்ளிப் போட்டுக் கரைத்து, காலையில் ஒரு சொம்பு கொடுப்பேன். வெறும் தண்ணீரில் மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டியது. அதனால் மாத்திரையை வாயில் போட்டுக் கூழைக் குடித்து முழுங்கச் சொல்வேன். பிறகு சூடாக டீ. வயிற்றுக் கட்டு சரியாகிவிட்டது. நான்தான் வைத்தியம் கண்டுபிடித்த மாதிரி எனக்குள் ஒரு பெருமை.

கூழ் குடித்ததும் அவள் பின்பக்கமாக உப்பளத்து வரப்பு வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஸ்கூலில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏற வேண்டிய அளவில் பாதி கூட ஏறவில்லை. "மாத்திரை ஒழுங்கா போடறியா, தூக்கிப் போட்டுடறியா?" என்று அங்கிருந்த டாக்டரம்மா அவளைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அந்த வரப்பு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"தெனம் அங்க போறியே, துப்பறதுக்குத்தான?"

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"உங்கம்மா குடுத்தா முழுங்கியிருப்ப. நான் யாரோதான."

வாழ்க்கையில் நான் யாரையும் அப்படிச் சுடச்சுடப் பேசியதில்லை. அதோடும் விடவில்லை. டெலிபோன் பூத்துக்குப் போய், உன் மகள் மாத்திரையைத் துப்புகிறாள், என்னால் முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

வியாழக்கிழமை காலை எங்கள் தெருவில் கைக்குழந்தைகளைப் பார்க்க நர்ஸம்மா வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டார். அந்த நேரம் நான் கூழில் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாத்திரை.

"இது என்னா ஆயா?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நார்ச்சத்து நல்லதுதான், யாரு இல்லன்னா. ஆனா மாத்திரையோட குடுக்கலாமா? தவிட்டுல இருக்கறது அந்த இரும்பை புடிச்சிக்கும் ஆயா. உடம்புல சேர வுடாம வெளிய இழுத்துட்டுப் போயிடும். டீ வேற. வயசுக்கு வந்த பொண்ணு, மாசா மாசம் ரத்தம் போவுது, அதுக்கு எங்க இருந்து ஏறும்? மாத்திரைய தனியா எலுமிச்சை தண்ணில போடச் சொல்லுங்க. கூழு, டீ எல்லாம் ரெண்டு மணி நேரம் கழிச்சி."

"அப்ப அவ துப்பலையா?"

"எதுக்குத் துப்பணும்? முழுங்கினாலும் தவிட்டோட சேராதே ஆயா."

அவள் வாசலில் ஸ்கூல் பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே கிளம்பிப் போய்விட்டாள்.

உடனே தம்பிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போனேன். பூத்தில் நாலு ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மறுநாளும் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஞாயிறு வந்துவிட்டது.

தம்பி உள்ளே நுழையும்போது அவள் துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்திருந்தாள். எப்போது மடித்தாள் என்றே எனக்குத் தெரியாது. தம்பி பையைக் கையில் எடுத்த பிறகுதான் வாய் வந்தது.

"தம்பி, அவ துப்பல. தவிட்டுக் கூழோட நான்தான் தப்பா குடுத்தேன். அவமேல வீண் பழி போட்டுட்டேன்."

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏங்க்கா, இதுக்கா என்னை அங்கேர்ந்து ஓடியாரச் சொன்ன?" என்றான். பிறகு அவளிடம், "நீ என்னா சொல்ற?" என்றான்.

அவள் போய்க் கொதிக்கிற உலையின் மூடியைத் தள்ளி வைத்தாள்.

"பரீச்சை இருக்குதுப்பா" என்றாள்.

அவன் பையைக் கீழே வைத்தான்.

அன்று சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அவளிடம் கேட்டேன், தினமும் வரப்பில் போய் எதற்கு நிற்கிறாய் என்று.

"திண்டிவனம் பஸ்ஸு அந்த நேரத்துக்குத்தான் வரும் அத்தை. அங்க நின்னா ரோடு தெரியும். அப்பா வந்தா அதுலதான வரும்."

மறுநாள் காலையில் அவள் எலுமிச்சைத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரப்புக்குப் போனபோது நானும் பின்னாலேயே போய் நின்றேன். உப்புப் பாத்திகளுக்கு அப்பால் பஸ் வந்தது, போனது.

வெயில் காலம் முடிவதற்குள் அவளுக்கு ரத்தம் ஏறிவிட்டது. நகத்தில் சிவப்பு வந்தது. பத்தாவது வரை என்னிடம்தான் படித்தாள், பாஸானாள், பிறகு அப்பா அம்மாவிடம் போனாள். இப்போது அவளுக்கே பெண் பிள்ளை இருக்கிறது. எப்போதாவது போன் செய்வாள். சாப்பிட்டியா அத்தை என்பாள், சாப்பிட்டேன் என்பேன். நான் பழி சொன்ன அந்த நாளைப் பற்றி அவளும் பேச்சு எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

என் வீட்டில் இப்போது மறுபடி ஒரு தட்டுதான். அதைக் கழுவும்போதெல்லாம், ஊமை மாதிரியே வாழ்ந்த நான் ஒரு சின்னப் பெண் பேசாமல் நின்றதைப் பார்த்து அவள் தப்புச் செய்தவள் என்று முடிவு கட்டினேனே என்பது நினைவுக்கு வரும். அதன் பிறகு பேசாத யாரைப் பார்த்தாலும், முதலில் பக்கத்தில் போய் நிற்கத்தான் தோன்றுகிறது.