காந்தம் தொடாத இரும்பு

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர் உத்தியோகம் என்றால், பிறர் கலந்ததைப் பிரித்து வைப்பதும் பிரித்ததைக் கழுவி வைப்பதும்தான். மணி அடித்தால் ஓடி, அடுத்த மணிவரை நின்றே கால் வீங்கியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். ஆவடியில் ஒரு பள்ளியில் சென்ற ஆண்டுதான் சாவிக்கொத்தை ஒப்படைத்தேன்.

கற்பூர மேகம்

உப்பில் கலந்த கற்பூரத்தைக் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கி, மேலே புனலைக் கவிழ்த்தால், கற்பூரம் ஆவியாகிப் புனலில் வெள்ளையாய்ப் படியும். உப்பு கீழேயே உட்கார்ந்திருக்கும். ஒரு மத்தியானம் ஒத்திகை பார்த்தபோது புனலைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். சாய்ந்த வெயிலில் ஆவி மெல்ல ஏறியது. ஜன்னலைத் தாண்டியது. வேப்பமரங்களுக்கு மேலே மேகமாகி, ரயில் நிலையத்தில் இறங்கியது. திருவள்ளூர் லோக்கல் அதற்குள் நுழைந்து வெளியே வந்தபோது, இறங்கிய அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொய் என்பீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன்; கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான்.

வாட்ச்மேன் ஏழுமலை தோளை உலுக்கினான்: "இன்னா அண்ணாத்தே, லேப்ல தீபாராதனை காட்டிட்டு நீயே தூங்கிக்கினு கீற?"

புது மிஸ்

போன வருஷம் ஜூனில் ஜெசிந்தா மிஸ் வந்தார். தூத்துக்குடிக்காரர், மேனாம்பேட்டில் வாடகை வீடு, கணவருக்கு வேலை போய் ஆறு மாதம். இவர் வேலையும் தற்காலிகம்தான். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பைப் பார்த்துத் தலையாட்டினால்தான் நிரந்தரம். அவர் வரும் நாளின் பாடம், கலவையும் சேர்மமும். மணலில் கலந்த இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துவிட்டால் அது கலவை.

எங்கள் அட்டெண்டர் இனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு முறை இழுத்த தூளை எறியமாட்டோம். அலசி, உலர்த்தி, டப்பாவில் போட்டு, அடுத்த வகுப்புக்கும் அதையே எடுப்போம். எங்கள் ஆய்வகத் தூள் எனக்கு முன்பே பணியில் சேர்ந்தது. இதை மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் பெருமை தெரியவில்லை.

"அண்ணாச்சி, இந்த வேலையும் போச்சுன்னா நாங்க ஊருக்கே மூட்டை கட்டணும். பாத்து எடுத்து வையுங்க, என்ன?"

வெள்ளைச் சட்டைக்காரர் வந்த நாள்

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளில், உப்பைப் பிரிக்கும் சோதனையில் உப்புத் தண்ணீரில் ஊறிய தூளை உலர்த்தாமல் மூடி வைத்தவன் நான். பார்வையிட வரும் நாள் காலையில் திறந்தால் கட்டியாகக் கிடந்தது. நுணுக்கி மணலில் கலந்தேன். வெளியே மழை மூட்டம். தட்டில் மட்டும் சாயங்கால வானம் இறங்கியதுபோல ஒரு செம்பழுப்பு. அந்த நிறத்திலேயே கிறங்கி நின்றுவிட்டேன். காந்தத்தை வைத்துப் பார்க்கவில்லை.

மிஸ் வைத்தார். பேருக்கு நாலு துகள் ஒட்டியது. மறுபடி வைத்தார். அதே நாலு. கடைசி பெஞ்சில் இருந்த நிர்வாகத்து வெள்ளைச் சட்டைப் பெரியவர் பேனாவைத் திறந்தார். எனக்கு விழிப்பு வந்தது அப்போதுதான். "மிஸ், தப்பு என்னுது. லீவுக்கு முன்னாடி ஈரத்தோட மூடி வச்சிட்டேன்" என்றேன்.

மிஸ் ஒரு நொடி தட்டையே பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து இரும்பு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வேறொரு தட்டு மணலில் புதைத்தார். கூந்தல் தோளில் சரிந்தது. காந்தத்தைக் காட்டியதும் ஊசிகள் மணலை உதறிக்கொண்டு எழுந்து வந்தன. "இது கலவை. இரும்பு இரும்பாவே இருக்கு" என்றார். என் தட்டைத் தூக்கிக் காட்டினார்: "இது ரெண்டு மாசமா ஈரத்தோடயும் காத்தோடயும் சேர்ந்து துருவாயிட்டு. இனி காந்தம் கூப்பிட்டாலும் வராது. இதுதான் சேர்மம்." ஜன்னலில் மழை தொடங்கியது.

போகும்போது பெரியவர் என்னிடம் நின்றார். கழுத்தில் கத்தி விழப்போகிறது என்று குனிந்தேன்.

"அந்த டப்பாவை எறிஞ்சிடாதீங்க ஐயா, மிஸ் இங்கேதான் நிரந்தரமா இருக்கப் போறாங்க, வருஷா வருஷம் வேணும்."

ஒழுங்காக உலர்த்தி வைத்த நாட்களில் எட்டிப் பார்க்காத நிர்வாகம், சோம்பிய ஒரே தடவைக்கு வந்து எனக்கு ஐயா பட்டம் கொடுத்துவிட்டுப் போனதுதான் இந்த உத்தியோகத்தில் நான் வடிகட்டி எடுத்த மிச்சம்.