வெற்று நிலம் என்று எழுதியவள்

ஜெனிற்றாவின் மரணச் செய்தி வந்தபோது, அவளுக்கு அனுப்பவிருந்த கடிதத்தின் நான்காவது பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன். சிலாபத்திலிருந்து அவளுடைய தம்பி தொலைபேசியில் பேசினார். "அக்கா, விடியக்காலம் போயிட்டா" என்றார். முந்தைய மூன்று பிரதிகளையும் நடை செம்மையாக இல்லை என்று நானே கிழித்திருந்தேன். அவள் நோயுற்றிருந்த மாதங்கள் முழுவதும் ஒரு மன்னிப்புக்கு அழகிய வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைக்கையில் நாணுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தருமாறு அவளுடைய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அக்கடிதத்தில் இருந்ததையே, அவளை அறிந்த உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

போர் ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்து, ஆலங்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழத் தொடங்கிய காலத்தில் அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். நகர, பிரதேசத் திட்டமிடல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவி. ஒரு கிராமத்தை அளந்து, வீடுவீடாக விசாரித்து, அதற்கொரு திட்டம் வரைந்து, அதை அவ்வூராரின் முன்னிலையில் வாசிக்கவேண்டும் என்பது அவர்களது பாட ஒழுங்கு. "அதென்ன படிப்பு மகள், வீடு கட்டுறதா?" என்று கேட்டார் அயல்வீட்டு மாமி. "இல்ல மாமி, கட்டுறதுக்கு முந்தி அந்த இடத்தில யார் இருக்காங்க எண்டு கேக்கிற படிப்பு" என்றாள். அப்படிப்புக்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நான் பின்னர் எந்த நூலிலும் காணவில்லை.

அவள் என் வீட்டில் தங்கினாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அகராதியை முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம்வரை வாசித்துத் தமிழ் கற்றவள் நான். அவளுடைய ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கும் பொறுப்பைப் பெருமையுடன் ஏற்றேன். "தங்கள் வாழ்வாதார மூலம் யாது?" என்று நான் எழுதியதை வாசித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இப்பிடிக் கேட்டா அந்தோனி மாமா சேட்டுப் போட்டுக்கொண்டு வந்துதான் பதில் சொல்லுவார்!" எனக்குச் சினம் வந்தது. ஆயினும் "என்ன தொழில்?" என்று திருத்தினேன்.

ஒருநாள் சோறு உண்ணும்போது, கடற்கரையில் வாடி அடித்திருப்போரைப் பற்றிப் பேச்சு வந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும் தெற்கிலிருந்து வந்து, ஓலைக் குடிசை போட்டு, மீன் பிடித்துக் கருவாடு காயவிட்டு, கச்சான் எழும்பியதும் திரும்பிச் செல்லும் குடும்பங்கள் அவை. "அவர்களுக்கு ஊருமில்லை, ஒழுங்குமில்லை" என்றேன் நான். "அப்பிடியா அக்கா" என்றாள் அவள். சொதியை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.

விசாரணை முடியும் தறுவாயில் அவளைக் காய்ச்சல் பற்றியது. வீட்டுக்குப் புறப்படும்போது எஞ்சிய தாள்களை என் கையில் தந்தாள். "கடக்கரைப் பக்கம் மட்டும்தான் மிச்சம். வாடி வாடியாப் போங்க அக்கா. நிண்டு கேக்காதீங்க, இருந்து கேளுங்க."

நான் போகவில்லை. கருவாட்டு நாற்றத்தின் நடுவே, மணலில் அமர்ந்து, அவர்களிடம் கேள்வி கேட்பது என் தகுதிக்குக் குறைவென எண்ணினேன். வீட்டுக் கதிரையில் இருந்தபடியே, என் அழகான கையெழுத்தில், "கடற்கரை ஓரம்: வெற்று நிலம். குடியிருப்பு இல்லை" என்று எழுதினேன். வாடிக்காரர் இம்முறை முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள் என்று தொலைபேசியில் அவளிடம் பொய்யும் சொன்னேன். அவள் நம்பினாள்.

காய்ச்சல் தெளிந்ததும் விரிவுரையாளருடன் நேரே கூட்டத்துக்குத்தான் வந்தாள். பாடசாலை மண்டபத்தில் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். கடற்கரைக்கு வந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மகள், எங்கட வாடி எங்க?"

"நாங்க மீனாப் போயிட்டம் போல!" என்றார் இன்னொருவர். மண்டபம் சிரித்தது.

"ஒம்பது வாடி இருக்கு. நாலு பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருதுகள். வெறும் நிலம் எண்டு போட்டா, நாளைக்கு ஹோட்டல்காரன் வந்து வேலி அடிக்க மாட்டானா?"

ஜெனிற்றா வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரிவுரையாளர், "அந்தப் பக்கம் யார் போனது?" என்று கேட்டார். நான் இருக்கையை விட்டு எழவில்லை. "நான் போகல்ல, சேர். பிழை என்னுடையது" என்றாள் அவள்.

ஆய்வு நிராகரிக்கப்பட்டது. அவளோடு படித்தவர்கள் பட்டம் பெற்ற வருடம் அவள் பெறவில்லை. அடுத்த பருவத்தில் ஆய்வைப் புதிதாகச் செய்ய மீண்டும் வந்தாள். ஆனால் என் வீட்டில் தங்கவில்லை, வாடியொன்றில் தங்கினாள். புறப்படும் நாளன்று வந்து, நான் நிரப்பிய தாள்களை ஓர் உறையிலிட்டுத் தந்தாள். அவற்றை விரிவுரையாளரிடம் காட்டியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். "உங்கட எழுத்து நல்ல வடிவு அக்கா. ஆனா வாடியில நிரப்பின தாள்ல ஒரு மீன் செதிலாவது ஒட்டியிருக்கும்" என்றாள். தேநீர் குடித்துவிட்டுப் போனாள். பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தொலைபேசியில் பேசினாள். அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடக்கத்தின்போது அவளுடன் பணியாற்றிய ஒருவர் உரையாற்றினார். மாணவப் பருவத்தில் ஒரு கடற்கரையை நேரில் பாராமலே வரைந்தவர், அப்பிழையிலிருந்து கற்று உயர்ந்தவர் என்று புகழ்ந்தார். மாதா கோவிலின் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்த நான் அன்றும் எழவில்லை. வெளியே அவளுடைய தாயார் என் கையைப் பற்றினார். "உங்கட ஊர எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி. இவ நடை பழகினதே அந்தக் கரையில, எங்கட வாடி வாசல்லதான்."

"ஊருமில்லை, ஒழுங்குமில்லை" என்று நான் சொன்னபோது சொதியை ஊற்றிய அந்தக் கை அப்போது என் நினைவுக்கு வந்தது.

அவள் கற்றுக்கொள்ள அங்கே பிழை ஏதும் இருக்கவில்லை. பிழை என்னுடையது. "நிண்டு கேக்காதீங்க, இருந்து கேளுங்க" என்ற அவளுடைய சொல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். உறையிலிருந்த தாளை இக்கட்டுரையின் அருகே அச்சிடுமாறு கொடுத்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் அலுமாரியில் கிடந்தும் அதில் ஒரு கறையும் இல்லை. எழுத்து யாருடையது என்பதை எங்கள் ஊரார் பார்த்தவுடன் அறிவார்கள்.