எஞ்சின் இல்லாத பஸ்ஸில் குடியிருந்தவள்

மழை வலுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கையில் எக்ஸ்ரே உறையும் தலையில் நனைந்த துண்டுமாக ஒரு பெரியவர் ஓடிவந்து பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரத்து இருக்கையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே காசை நீட்டினார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு கொடும்மா."

அது பஸ் இல்லை, வீடு. எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல் மெஷினில் இருந்த பெரியவள் அவளைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு எழுந்தாள்.

"காசை வெச்சுக்கங்க ஐயா. இந்த வண்டி பழுதாகி நிக்குது, இப்போ கிளம்பாது. அடுத்த வண்டி வந்ததும் நானே ஏத்தி விடறேன். முதல்ல தலையைத் துவட்டுங்க."

காய்ந்த துண்டு ஒன்றைக் கொடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். அவர் அடுப்பைப் பார்த்தார், கொடியில் தொங்கிய பாவாடையைப் பார்த்தார்.

"வண்டிக்குள்ளேயே அடுப்பு வெச்சிருக்கீங்களே?"

"டிரைவருக்கு டீ வேணும்ல?"

"நல்ல கம்பெனி" என்று சொல்லி அவர் நிம்மதியாகக் குடித்தார்.

பெரியவள் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். நிஜ பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, அவரை ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டோம் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

"இது வீடுன்னு சொல்லியிருக்கலாமேக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"சொல்லியிருந்தா பதறிப்போய் மழையிலேயே இறங்கியிருப்பாருடி. ஏற்கெனவே எந்தக் கவலையில ஓடறாரோ. சரி, நீ எதுக்கு வந்தே? முகம் வாடியிருக்கு."

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், ஓரகத்திகள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்றாலும் பெரியவளைச் சின்னவள் அதிகம் தேடிப் போனதில்லை. அன்றைக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், அந்த பஸ் வீடான கதையைச் சொல்ல வேண்டும்.

பெரியவள் பஸ் கம்பெனி ஒன்றின் பட்டறையில் சீட்டு உறை தைப்பவளாக இருந்தாள். ரெக்சின் துணியை முழங்காலில் போட்டு இழுத்து, தடித்த ஊசியால் தைத்துத் தைத்து அவள் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. அவள் புருஷன் அதே பட்டறையில் வெல்டர். நாடெங்கும் தொழில் படுத்தபோது பஸ் கம்பெனியும் படுத்தது. சம்பளம் கொடுக்க வழியில்லாத முதலாளி, "பட்டறையில இருக்கறதை ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கங்க" என்று கையை விரித்துவிட்டார். ஒருவர் எஞ்சினை எடுத்தார், ஒருவர் டயர்களை எடுத்தார், ஒருவர் பேட்டரிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பெரியவள் புருஷன் என்ன எடுப்பது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "அந்தக் கூட்டை எடுங்க" என்றாள் பெரியவள். எஞ்சினும் இல்லாமல், டயரும் இல்லாமல், கட்டைகள்மேல் நின்ற பஸ்ஸின் வெறும் கூடு அது.

"எஞ்சின் இல்லாத வண்டியை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?"

"எஞ்சின் இருந்தா ஓடிடும். வீடுன்னா ஒரு இடத்துல நிக்கணும்ல?"

பட்டறை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அவள் கணக்கு வேறு. வேலை போன வீட்டில் முதலில் கழுத்தைப் பிடிப்பது வாடகைதான். அதை வெட்டிவிட்டால் கஞ்சியோ கூழோ குடித்து நிமிர்ந்துவிடலாம். மரக்கடைக்காரர் ஒருவர் தன் கிடங்கின் ரோட்டோர மூலையை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக இவர்கள் மரங்களுக்குக் காவல் இருக்க வேண்டும். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கூட்டை அங்கே நிறுத்தினார்கள்.

இருக்கைகளைக் கழற்றினார்கள். ஜன்னலோரம் இரண்டை மட்டும் வருகிறவர்களுக்காக விட்டுவைத்தார்கள். பின்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு, கம்பிக்கு மேல் பாத்திரப் பலகை, மேலே பயணிகள் பை வைக்கும் தட்டில் துணிமணி. மிச்சப் பலகையில் வெளியே ஒரு குளியலறை. வெயில் காலத்தில் தகரக் கூரை தோசைக்கல் மாதிரி காய்ந்தது. அதற்கு அவள் அவரைக் கொடியை ஏற்றிவிட்டாள். கொடி கூரையை மூடிய பிறகு உள்ளே மூச்சுவிட முடிந்தது. பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கப் போனபோது கதவு எண் கேட்டார்கள். பெரியவள் சளைக்காமல் வண்டியின் நம்பர் பிளேட்டில் இருந்ததை எழுதிக் கொடுத்தாள். பிறகு தபால்காரரும் அந்த எண்ணையே வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு. டிரைவர் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. முன்கண்ணாடிக்கு மேலே சாமி படம் இருந்தது. காலையில் எழுந்ததும் பெரியவள் அந்த சீட்டைத் துடைத்து, ஒரு பூ வைத்து, கண்ணை மூடி நிற்பாள். "வண்டியை ஓட்டறது அவர்தான். நாம எல்லாம் பயணிங்க" என்பாள். அவள் தைத்துப் போட்ட சிவப்பு உறையோடு அந்த சீட்டு எப்போதும் காலியாகவே இருந்தது. புருஷன்கூட அதில் உட்கார்ந்தது கிடையாது. மகள் ஒருநாள் விளையாட்டாக ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கு, பெரியவள் அவளோடு சாயங்காலம் வரை பேசவில்லை.

சின்னவளின் புருஷனுக்கு இந்த வீடு பெரிய தலைகுனிவு. அவன் சோபாவும் கட்டிலும் விற்கும் பெரிய கடையில் இஸ்திரி கலையாத சட்டையோடு நிற்பவன். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஓர் இடத்தில், அண்ணன் காதிலேயே விழும்படி, "எங்க அண்ணன் டிக்கெட் எடுக்காம பயணம் போறாரு, செக்கர் வந்தா நடு ரோட்டுல இறங்க வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவள்தான், "வழியில ஏறணும்னா கை காட்டுங்க தம்பி, நிறுத்தறோம்" என்று சொல்லிப் பேச்சை முடித்தாள்.

அவன் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தான். தொழில் படுத்ததும் அந்தக் கட்டிடக்காரர் கம்பி நீட்டிவிட்டார். கட்டிடமும் பாதியில், மேலே கம்பி நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சோபா வாங்க ஆள் இல்லாததால் கடையில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். குடியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. வீட்டுக்காரர், குடிவந்தபோது வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மழை நாளில் சின்னவள் சொல்ல வந்தது இதைத்தான். "அவர் கடைப் பக்கத்துல ஆம்பிளைங்க தங்கற ரூம்ல இருந்துக்கறாராம். நானும் பாப்பாவும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணுமாம். கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்றாருக்கா."

 அவள் தெருவிலேயே இப்படிக் கொஞ்ச நாளைக்கு என்று பிரிந்து போன குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை என்றாகி, பிறகு ஒருவரை ஒருவர் தேடவே இல்லை.

பெரியவள் யோசிக்கவே இல்லை. "மூணு பேரும் இங்க வந்துடுங்க."

"அவர் வரமாட்டாருக்கா. வாய்க்கு வந்ததைப் பேசியிருக்காரே, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவாரு?"

"இருக்கற முகத்தோடதான் வரணும். வேற முகத்துக்கு எங்க போறது?" என்றாள் பெரியவள். பிறகு கொஞ்சம் தணிந்து, "சாமானையாவது இங்க கொண்டாந்து போடச் சொல்லு. கிடங்குல இடம் கேட்டு வெக்கிறேன்" என்றாள்.

அதற்கு மட்டும் சின்னவளின் புருஷன் ஒத்துக்கொண்டான். வீட்டைக் காலி செய்த அன்று பீரோவும் கட்டிலும் வந்து இறங்கின. சின்னவளின் துணிப்பை தனியாக இருந்தது. அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியது அது. பெட்டிகள் எல்லாம் பஸ்ஸின் படிக்கட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒரு வாய் தண்ணீர் குடிக்க உள்ளே வரப் பார்த்தவன், அந்த வழியில் ஏற முடியாமல், முன்பக்கம் டிரைவர் கதவைத் திறந்து ஏறினான். மூட்டை தூக்கிய களைப்பு. ஏறிய வேகத்தில் அந்தச் சிவப்பு சீட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"சித்தப்பா! அது சாமி சீட்டு!" என்று பெரியவளின் மகள் கத்திவிட்டாள்.

அவன் சட்டென்று பாதி எழுந்தான். தொடையின் கீழ் நசுங்கிய பூவைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அடுப்புப் பக்கம் நின்றிருந்தார்.

"தெரியாம உட்கார்ந்துட்டேன் அண்ணி... நான் எங்க போய் உட்கார்ந்தாலும் அது எனக்கான இடமா இருக்க மாட்டேங்குது" என்றான். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தான். இறங்கினால் நேரே அந்த ஆம்பிளைகள் ரூமுக்குத்தான் போவான், திரும்பி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. அவள் பெரியவளையே பார்த்தாள். அந்த சீட்டு பெரியவளுக்கு என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

பெரியவள் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் வந்தாள்.

"எதுக்குத் தம்பி எழுந்திரிக்கறீங்க? உட்காருங்க."

"சாமி சீட்டு அண்ணி."

"ஆமா. அவரு கொஞ்சம் தள்ளி உட்காருவாரு. உங்க அண்ணன் மாதிரி பரந்து உட்கார்ற ஆளா அவரு?"

அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டான். பெரியவள் அவனைத் தேற்றவில்லை. சொம்பை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அடுப்புக்குப் போய் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியைக் களைந்து போட்டாள். அரிசி விழும் சத்தத்தைக் கேட்டதும் சின்னவள் தன் துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நடுவில் ஒரு திரையைக் கட்டி, அந்த மழைக்காலத்தை இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் தள்ளின. ஒருவர் புரண்டால் இன்னொருவர் எழுந்தாக வேண்டும். சின்னவளின் புருஷன் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட இடமில்லாமல் சிடுசிடுப்பான். "செக்கர் இன்னும் வரலையே தம்பி?" என்று அண்ணன் கேட்டுவைப்பார். வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்த முன்பணத்தில், பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த இன்னொரு கூட்டை அவன் வாங்கினான். அண்ணன் அதை முதல் பஸ்ஸின் முதுகோடு முதுகாக நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே வெட்டி, பற்றவைத்து இணைத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வழி பஸ்ஸின் அவசரக் கதவு. 'ஆபத்து நேரத்தில் மட்டும்' என்று அதன்மேல் எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. உப்பு தீர்ந்தாலும் அந்தக் கதவுதான், கோபம் தீர்ந்தாலும் அந்தக் கதவுதான்.

அதைப் பார்த்து வேலை போன வேறு சிலரும் பெரியவளைத் தேடி வந்தார்கள். கூட்டை எப்படிக் கட்டைமேல் ஏற்றுவது, கூரைச் சூட்டுக்கு என்ன செய்வது, ஜன்னல் ஒழுகினால் எந்த ரப்பர் போடுவது என்று கேட்டார்கள். பெரியவள் தையலை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுப்பாள். ஒன்று மட்டும் மறக்காமல் சொல்வாள்: "டிரைவர் சீட்டைக் கழற்றிடாதீங்க."

காலம் கொஞ்சம் தெளிந்தது. கடையில் மறுபடியும் சோபா விற்றது. சின்னவளின் புருஷன் நினைத்திருந்தால் வாடகை வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வாடகைக்குப் போகிற பணத்தைச் சேர்த்து, மரக்கடைக்காரரிடம் அந்த மூலையையே அண்ணனும் தம்பியுமாக விலைக்குக் கேட்டு வாங்கினார்கள். கம்பி நீட்டிய கட்டிடம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

பெரியவளுக்கு நெஞ்சில் நோய் வந்தது அதற்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான். கட்டிக்கொடுத்த மகளின் ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டாள். அங்கிருந்து அவள் திரும்பவில்லை. புறப்பட்ட அன்று காலையிலும் அந்தச் சீட்டைத் துடைத்து, பூ வைத்து, கண்ணை மூடி நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

ரோட்டோரம் நிஜ பஸ் வந்து நின்றது. புருஷன் பைகளோடு முன்னால் ஏறினார். சின்னவள் பெரியவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இறங்கினாள். கீழே நின்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பெரியவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"பாருடி, இந்த வண்டியில சாமி சீட்டுல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

சின்னவள் அழுகையோடு சிரித்தாள். எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பெரியவள் சொன்னாள்:

"நம்ம வீட்டு சீட்டை நான் பூட்டி வெச்ச மாதிரி நீ வெக்காதே. யாராவது கலங்கிப்போய் வந்து ஏறினா, அதுல உட்கார வெச்சு டீ கொடு. வண்டி பழுதுன்னு சொல்லு, போதும்."