பனிக்கோட்டைக்கு ஆள் கூப்பிட்ட ரஞ்சனி அக்கா

செய்தி எனக்கு ஓர் அச்சு ஓடராக வந்தது. ஹட்டனில் நான் வைத்திருக்கும் அச்சுக்கடையின் ஃபோனுக்குக் காலையில் ஒரு புகைப்படம். கூடவே ஒரு குரல்: "அண்ணே, கண்ணீர் அஞ்சலி பெனர் ஒண்ணு அடிக்கணும். கொட்டகலைக்கு. இன்னைக்கே வேணும்." இந்த மாதிரிக் குரல்களைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன ஆள் நான். படத்தைத் திரையில் பெரிதாக்கி, பின்னணியை வெட்டிவிட்டு, மலர்வளையம் வைக்க இடம் தேடும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். ரஞ்சனி அக்கா. மவுஸைப் பிடித்திருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பேசியவர் அவருடைய தம்பி. அக்காவை எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

பனிக்கோட்டைப் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கருமாதிக்கு வரும் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். பனிக்கோட்டை என்பது ஊரல்ல. கோட்டை கட்டிப் படை சேர்க்கும் ஓர் இணைய விளையாட்டு இருக்கிறது. அதை ஆடிய மலையகத்துப் பிள்ளைகள் கூடிப் பேசுவதற்காக அக்காவும் நானும் தொடங்கி நடத்திய இணைய மன்றம் அது. ஒருவருடைய கோட்டையை எதிரி தாக்கினால் மற்றவர் படை அனுப்பிக் காப்பாற்றலாம். யாருக்கு யார் படை அனுப்புவது, கடைசி நேரத்தில் கழுத்தறுத்தவன் யார், திம்புள்ளயில் இன்றைக்கும் மழையா என்று சகலமும் அங்கே பேசினோம். கொழும்புக் கடைகளிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்தவர்கள் அங்கே வந்துதான் நம்முடைய தமிழில் சண்டை போட்டார்கள். அக்கா என்னைவிட இளையவர். ஊரே அவரை அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அதற்குப் பழிவாங்க அவர் என்னை அண்ணே என்றார்.

பிறகு கூட்டம் கரைந்தது. சிலர் கல்யாணம் முடித்தார்கள், சிலர் துப்பாக்கி விளையாட்டுக்குப் போனார்கள், சிலர் ஏன் போனோம் என்றே தெரியாமல் போனார்கள். அதே காலத்தில்தான் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. கொழும்பில் உடுப்புக்கடை வேலையை விட்டுவிட்டு கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் படுக்கையில் கிடந்தபடி மன்றத்தில் எழுதினார். பதில் எழுத நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன். மன்றத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் கடைசியில் ஓர் அறிவித்தல் அனுப்பியது. நடமாட்டமில்லாத மன்றங்களை மூடப்போகிறார்களாம். மூடினால் எழுதியது எல்லாம் அழிந்துவிடுமாம். ஒரு மாதம் தவணை.

அந்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தூறலில் குடை பிடித்துக்கொண்டிருந்தார். குடை அவருக்கல்ல, ஃபோனுக்கு. நான் கடையில் உட்கார்ந்து அழகாக வடிவமைத்திருந்த அழைப்பைக் காட்டினேன். கோட்டைப் படம், தீப்பந்தம், "பனிக்கோட்டைக்குத் திரும்பி வாருங்கள்" என்று தங்க நிறத்தில் எழுத்து.

"நோட்டீஸ் நல்லாத்தான் இருக்குண்ணே. யாருக்கு இது?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா ஒருத்தனும் தனக்குன்னு நெனைக்க மாட்டான். இங்க பாருங்க."

தன் ஃபோனை நீட்டினார். கொழும்பில் பாத்திரக்கடையில் நிற்கும் ஜெகனுக்கு எழுதியிருந்தார்: "ஜெகன் தம்பி, உங்க கெழக்கு மதில் சரிஞ்சு கெடக்கு. கல்லு போடட்டுமா, நீங்க வந்து பாக்குறீங்களா?" கல்யாணத்துக்குப் பிறகு வராமலே போன மாலினிக்கு: "மாலினி, ஒங்க குதிரைங்களுக்குப் பேரு வச்சீங்களே, வெள்ளைக் குதிரைக்கு என்ன பேரு? மறந்துட்டேன்." ஒவ்வொருவருக்கும் அவரவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இப்படி மாதக்கணக்காக எழுதி வந்திருக்கிறார். பெரும்பாலும் பதில் வரவில்லை.

"ஏன் இவ்வளவு கெஞ்சுறீங்க? வராதவன் போகட்டுமே" என்றேன். எனக்கு முன்கோபம் அதிகம். உங்களில் பாதிப் பேரை நான் மன்றத்தைவிட்டுத் தூக்கியிருக்கிறேன், அக்காதான் திரும்பச் சேர்த்திருக்கிறார். அது உங்களுக்கே தெரியும்.

அவர் ஃபோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்த லயத்துல என்னையப் பாக்குறவங்க எல்லாம், ரத்தம் சுத்தம் பண்ணியாச்சா, கால் வீக்கம் வத்துச்சான்னுதான் கேக்குறாங்க. பாசமாத்தான் கேக்குறாங்க. ஆனா நம்ம மன்றத்துல மட்டுந்தான், அக்கா, வில்லாளிங்கள அனுப்புங்க, அவசரம்னு கேப்பாங்க. அந்த ஒரு எடத்துலதான் நான் நோயாளி இல்லண்ணே. அதுவும் போச்சுன்னா நான் யாரு?"

அவருடைய அண்ணி கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். கொட்டகலையிலிருந்து ஹட்டன் வரை ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மன்றத்தில் உங்கள் எல்லோரையும் நன்றி கெட்டவர்கள் என்று திட்டி நீளமாக எழுதினேன். நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்கா உடனே அழித்துவிட்டார். அழித்த கையோடு ஃபோன் எடுத்தார்.

"திட்டினா வருவாங்களாண்ணே? வெக்கப்பட்டு இன்னும் தூரமாத்தான் போவாங்க. வரமாட்டேன்னு நின்னவன இழுத்துட்டு வரலாம். வெக்கப்பட்டு நின்னவன ஒண்ணும் பண்ண முடியாது." மூச்சு வாங்கியது. அதன் பிறகு நாங்கள் ஃபோனில் பேசவில்லை, மன்றத்தில் மட்டும் எழுதிக்கொண்டோம். அவர் கேள்வி கேட்பார், நான் பதில் போடுவேன். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் இரண்டு பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். கடைசியாக அவர் எழுதியது ஜெகனுக்கு, அதே கிழக்கு மதிலைப் பற்றி. அதற்கு அடுத்து அவர் பெயரில் வந்தது நான் அடிக்கவேண்டிய பதாகை.

பதாகையை அடித்து அனுப்பினேன். அடக்கம் முடிந்து, பால் தெளித்துக் காடாத்திவிட்டு வந்து மன்றத்தில் ஒரு பதிவு போட்டேன். அவருடைய படம், பெயர், "நம் அக்கா நம்மைவிட்டுப் பிரிந்தார்" என்று கறுப்புக் கரையிட்ட அறிவித்தல். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. யார் யார் பார்த்தார்கள் என்று கீழே காட்டியது. நிறையப் பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. மாதம் முடியப்போகிறது, மன்றம் மூடப்போகிறது, மனுஷி செத்தே போய்விட்டார், ஒரு வரி எழுத இவர்களுக்கு விரல் இல்லையா என்று கொதித்துப் போய் ஜெகனுக்கு ஃபோன் போட்டேன். பார்த்தாயா இல்லையா என்று கத்தினேன்.

"பாத்தேண்ணே. பாத்ததுலருந்து கடைக்குப் பின்னால சாமான் ரூம்ல போய்ப் போய் அழுவுறேன்."

"அப்பறம் ஏன்டா எழுதல?"

"எனக்கு யாரும் எழவு சொல்லலையேண்ணே. சொல்லாம நான் எப்படிப் போய் நிக்கிறது? அக்கா கூப்பிட்டப்ப வராதவன் இப்ப மட்டும் எங்க வந்தான்னு கேட்டுட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால், சந்திக்குச் சந்தி பதாகை கட்டினாலும், வீட்டுக்கு வீடு ஆள் போய்ச் சொல்வதுதான் கணக்கு. லயத்தில் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருப்பவருக்குக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாரும் வந்து சொல்லாத வீட்டுக்காரர் ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போவாரே தவிர, உள்ளே வரமாட்டார். ஜெகன் அந்த முறையை இணையத்துக்கும் கொண்டுவந்திருந்தான். அவன் மட்டுமல்ல, நீங்கள் எல்லோருமே அப்படித்தான் மன்றத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அன்றைக்குக் கடையைப் பூட்டினேன். பழைய நம்பர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். "ரஞ்சனி அக்கா தவறிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு, சொல்லிட்டேன்." அவ்வளவுதான். மாலினி ஃபோனிலேயே ஒப்பாரி வைத்துவிட்டார். அன்று மாலையே எழுதத் தொடங்கினீர்கள். செத்த வீட்டில் கூட்டம் சேர்வதைப் போல மன்றம் நிறைந்தது. அந்த மாதம் அது தப்பியது. அவர் உயிரோடு இருந்து பார்க்க ஆசைப்பட்ட கூட்டம் இது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்க மாட்டேன்.

இப்போது மறுபடியும் அமைதியாகிவிட்டது. நேற்று ஆட்டத்துக்குள் நுழைந்து அவருடைய கோட்டையைப் போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் இல்லை. ஒரு குதிரை இல்லை. நான்கு பக்கமும் மதில் உடைந்து கிடக்கிறது. அவருடைய படை எங்கே போயிற்று என்று தேடினேன். நீங்கள் கைவிட்டுப் போன கோட்டைகளில் எல்லாம் அவருடைய வில்லாளிகள் காவல் நிற்கிறார்கள். நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் கோட்டை இருக்க வேண்டும் என்பதற்காகத் தன்னிடம் இருந்த ஒவ்வோர் ஆளையும் அனுப்பியிருக்கிறார். ஆட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். காவலுக்கு வந்த படைக்கும் கோட்டைக்காரரின் களஞ்சியத்திலிருந்துதான் சோறு. களஞ்சியம் காலியானால் படை பட்டினியில் அழிந்துபோகும். இத்தனை காலம் தானியமும் அவரே அனுப்பியிருக்கிறார். இப்போது நான் அனுப்புகிறேன். எல்லோருக்கும் போதவில்லை.

அவர் மண்ணுக்குள் போய்விட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, பெயர் சொல்லிக் கெஞ்ச வெட்கப்படாத குணம். இந்த வயதில் அது என்னிடம் வந்து சேரும் என்று நான் நினைத்ததில்லை.

ஜெகன், உங்கள் கிழக்கு மதிலில் அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள். மாலினி, உங்கள் குதிரை லாயத்தின் வாசலில் நிற்கிறார்கள். அவர்களைத் திருப்பி அழைக்க இனி யாரும் இல்லை. சோறு போடவாவது வாங்க. கெஞ்சித்தான் கேட்கிறேன்.