நஜீமாம்மா எடுத்த போன்

லப்பைக்குடிக்காட்டில் நஜீமாம்மாவின் வீட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவார்கள். சவூதியில் தம்மாமிலிருந்து அவர் கணவர் ஹபிபுல்லா மாமா பேசும் நேரம் அது. கல்யாணமான இரண்டாம் மாதம் மளிகைக்கடை வேலைக்குப் போனவர். விடுமுறைக்கு வரும் நாட்கள் தவிர, நஜீமாம்மா அவரோடு வாழ்ந்ததெல்லாம் குரலில்தான். அவர் தும்முவதைக் கேட்டே, "ரூம்ல ஏசிக்குக் கீழ படுக்குறீங்களா?" என்று கேட்பார்.

அவர் மகள் இஃப்பத் பெரம்பலூர்க் கல்லூரியில் என்னோடு படித்தவள். நான் பூவிழி, ஊர் ரெட்டிபாளையம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. ஒரு சென்னைக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பவர்களைக் கண்டுபிடித்துத் தடுப்பது என் வேலை. பெரம்பலூரில் ரூம் எடுத்து அங்கிருந்தே செய்கிறேன். அப்பா ஊரில் "எம்பொண்ணு கம்ப்யூட்டர் போலீசு" என்று சொல்லிக்கொள்கிறார்.

போன வருடம் நஜீமாம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு, துபாயில் இருக்கும் மகன் அழுவதுபோலவே போன் வந்தது. நகையை அடகுவைத்து அனுப்பிவிட்டார். அழுதது மகனே இல்லை.

"கொரலக்கூடவா செய்வாங்க?" என்றார் நஜீமாம்மா.

"நாலு வாய்ஸ் மெசேஜ் கெடைச்சாப் போதும்மா. மிஷினே பேசிடும். நீங்களும் மாமாவும் ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கங்க. புது நம்பர்ல யார் பேசினாலும் அதக் கேளுங்க. சொல்லலன்னா வச்சிடுங்க" என்றேன்.

"பரங்கிக்காய்னு வச்சுக்குவோம். அதக் கண்டா சோத்தத் தள்ளிட்டு எந்திரிச்சிடுற மனுசன்."

மாமா அந்த வெள்ளிக்கிழமை போனிலேயே சண்டை போட்டார். "வேற நல்ல பேரே கெடைக்கலையா ஒனக்கு?"

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரம் தாண்டி, தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. நஜீமாம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமி, நான் அல்தாப். மாமாகூட ஒரே ரூம்ல தங்கியிருக்கேன். மாமாவுக்கு ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரில இருக்கோம். ஒங்ககிட்டப் பேசணும்னு கையக் கையக் காட்டுறாரு. இருங்க, குடுக்குறேன்."

அப்புறம் ஒரு குழறல். வார்த்தை எதுவும் இல்லை.

"வார்த்தையக் கேளுங்க" என்றேன்.

"என்னங்க, அந்தப் பேரச் சொல்லுங்க. நாம வச்சோமே."

மறுபடியும் குழறல். கூடவே அழுகை.

நஜீமாம்மா என்னைப் பார்த்தார். "அவரு கொரல் மாதிரிதான் புள்ள இருக்கு."

"மாதிரிதான் இருக்கும். அதாம்மா ஏமாத்து."

அவர் விரல் தயங்கியது. நான் போனை வாங்கித் துண்டித்து, அந்த எண்ணையும் முடக்கினேன். இன்னொரு எண்ணிலிருந்து வந்தது. அதையும் முடக்கினேன். "பூவிழி இருந்ததால பொழைச்சோம்" என்றாள் இஃப்பத். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை, தம்மாமில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஜமாஅத்துக்குச் சொல்ல, பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தார். மாமாவுக்குப் பக்கவாதம். வலதுபக்கம் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது.

சந்தேகம் வந்தால், உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிட்டுச் சரிபார். ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் விதி இது. அன்று மாமாவின் எண்ணுக்கு ஏன் அடித்துப் பார்க்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் சொன்னது பலித்த சந்தோஷத்தில் இருந்தேன். அதைவிட மரியாதையான பதில் கிடைக்கவில்லை. வேலையில் உண்மையான ஆளைத் தவறாகத் தடுத்துவிட்டால் 'தவறான எச்சரிக்கை' என்று குறித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அந்தப் பக்கம் யார் காத்திருந்தார் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

மாமாவை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, பதில்தான் வருவதில்லை. நஜீமாம்மா பக்கத்தில் வந்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "நாந்தான் போன வச்சேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். நீ நல்லதுக்குச் சொன்ன புள்ள. ஒன்ன எதுக்கு இழுக்கணும்?" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடு பல முறை அந்த வீட்டுக்குப் போய்வந்துவிட்டேன்.

நேற்றும் போனேன். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். புது நம்பரிலிருந்து போன் வர, நஜீமாம்மா ஓடிவந்து எடுத்தார். இப்போதெல்லாம் எதையும் விடுவதில்லையாம்.

"யாருக்கு என்னாச்சு தம்பி? மொதல்ல அதச் சொல்லுங்க."

ஏதோ கடன் கொடுக்கும் கம்பெனி. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கட்டிலருகே போனேன்.

"மாமா, அன்னிக்கிப் போன வச்சது அம்மா இல்ல. அவங்களுக்கு ஒங்க கொரல் தெரிஞ்சுச்சு. நாந்தான் பிடுங்கி வச்சேன்."

அவர் கண்கள் என் முகத்தில் வெகுநேரம் நின்றன. என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு இடதுகை மெத்தைமேல் மெல்ல நகர்ந்து, நஜீமாம்மா நின்ற பக்கம் நீண்டது.

நஜீமாம்மா அதைக் கவனிக்கவில்லை. முதுகைக் காட்டி நின்றபடி, முகம் தெரியாத அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு லோனெல்லாம் வேணாம் தம்பி. வச்சிடட்டுமா? வச்சா ஒண்ணும் இல்லல்ல?"