அவள் போனில் நான் தட்டிய பதில்கள்

எங்கள் கன்டெய்னர் யார்டில் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துகொடுப்பது தப்பே இல்லை. ஆன்லைன் வேலையாக இருந்தால் அது புண்ணியம். தலைமை அலுவலகத்திலிருந்து ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். தீயணைப்புப் பயிற்சி, பாதுகாப்புப் பயிற்சி, லஞ்சம் வாங்க மாட்டேன் என்கிற உறுதிமொழி. லிங்க்கைத் தொட்டால் படம் ஓடும், கடைசியில் பத்துக் கேள்வி வரும். கை சும்மா இருக்கிறவர் எல்லோருடைய போனையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்து, அடுத்து, அடுத்து என்று தட்டி முடித்துவிடுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணாச்சி தீயணைப்பில் முழு மார்க் வாங்கியது என் கையால்தான். அந்தச் சிவப்பு சிலிண்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் அந்தக் குணப் பரிசோதனை வந்த அன்று, கேட்டில் வேலை பார்க்கிறவள் தன் போனை என் மேசையில் போட்டுவிட்டுப் போனதில் யாருக்கும் வியப்பில்லை.

"ஏளா, இதையும் நீயே தட்டி விட்டுரு. வெளிய ஏழு வண்டி நிக்கி."

நாங்கள் இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். நான் உள்ளே. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, சீல் எண் என்ன என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. அவள் கேட்டில். வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரிலும் பெட்டி எண்ணையும் சீலையும் சரிபார்க்க வேண்டும். பெட்டியை வண்டியோடு பிடித்து நிறுத்துகிற லாக், நாலு மூலையிலும் போட்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். டிரைவர்களுக்கு லாக் என்றாலே எட்டிக்காய். இறங்க வேண்டும், வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும், குனிய வேண்டும். அவள் விட மாட்டாள்.

"ஏலே, லாக்கப் போட்டுட்டுப் போலே! திருப்பத்துல பெட்டிய எவன் தலைல எறக்கப் போற?"

துறைமுகச் சாலையின் அத்தனை இரைச்சலையும் தாண்டி அந்தக் குரல் என் கண்ணாடி அறைக்குள் வரும். கடலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள். அங்கே காற்றுக்கு மேலே பேசினால்தான் பேச்சு. நான் நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கதவை இன்னும் மெதுவாகச் சாத்துவோம்.

அந்த மாதம் ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலை காலியாகியிருந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அவளுக்கு அது வேண்டும். வெயிலில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. கேட்டை விட்டு உள்ளே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். எனக்கும் வேண்டும். எனக்கு ஏன் என்று கேட்டால், ஆசைதான். வேறென்ன?

ஆளை மேனேஜர் தேர்வு செய்ய மாட்டார், பரிசோதனைதான் தேர்வு செய்யும் என்று மெயில் வந்தது. நியாயமாகச் சொன்னால், அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்கு முன்னால் இன்சார்ஜ் ஆனவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். எந்த ஊர் என்று கேட்பார்கள். ஏரல் என்றால், ஏரலில் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அல்லது வராது. அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. போன் அதையெல்லாம் கேட்கவில்லை. எந்தத் தெருக்காரிக்கும் ஒரே கேள்விதான்.

ஆனால் சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. நூறுக்கும் மேல் கேள்விகள். யாரோ எங்கோ உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழ். 'பிறர் என்னை எளிதில் வெடிக்கக்கூடியவர் என்று விவரிப்பார்கள்.' பட்டாசுக் கடைக்கு ஆள் எடுக்கிறார்களா? 'விருந்துகளில் நான் பிறருடன் கலப்பேன்.' எந்த விருந்து, யாருடைய விருந்து? சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வருகிறவள் நான். ஒரே கேள்வியை இருபது கேள்வி தள்ளி வேறு சேலை கட்டி அனுப்பியிருந்தார்கள். நம்மை மடக்கப் பார்க்கிறான் என்று உடனே தெரிந்துவிட்டது. பரீட்சை எழுதியே வளர்ந்தவளிடமா? என் போனில் நான் அமைதியானவள், பொறுமையானவள், பிறர் தவற்றை நிதானமாகச் சுட்டிக்காட்டுகிறவள். முன்னும் பின்னும் இடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய போனை எடுத்தேன்.

முதல் இருபது முப்பது கேள்விக்கு எல்லாவற்றிலும் நல்லதாகத்தான் தட்டினேன், எப்போதும் தட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகு வந்தது. 'பிறர் தவறு செய்யும்போது நான் குரலை உயர்த்துவேன்.' விரல் நின்றுவிட்டது. அன்று காலையில் நான் ஒரு பெட்டி எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தேன். அவள் கேட்டிலிருந்து நேராக வந்து, அத்தனை டிரைவர்கள் பார்க்க, "கண்ண எங்கன வச்சுக்கிட்டு அடிக்க நீ?" என்று கேட்டாள். தப்பு என்னுடையது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று தட்டினேன். அடுத்து வந்த அந்த மாதிரிக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதையே தட்டினேன். பொய் இல்லையே, உண்மைதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. எனக்கு: 'நெருக்கடியில் நிதானமானவர். குழுவை வழிநடத்த ஏற்றவர். கருத்து வேறுபாட்டை வெளியே சொல்லத் தயங்கக்கூடும்.' கடைசி வரியைப் படித்ததும் திக்கென்றது. அவ்வளவு மூடி வைத்தும் இந்தச் சவம் எந்தச் சந்து வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது? அவளுக்கு: 'உணர்ச்சிவசப்படக்கூடியவர். மோதல் போக்கு அதிகம். மேற்பார்வைப் பொறுப்புக்குத் தற்போது பரிந்துரைக்கப்படவில்லை.'

நாற்காலி எனக்கு வந்தது.

அவள் என்னோடு சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் பிழைத்திருப்பேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அறிக்கையை என்னிடம் நீட்டினாள்.

"பாத்தியாளா, நீ எல்லாம் நல்லதாத்தான தட்டிருப்ப? அப்படியும் கண்டுபிடிச்சிருச்சே! மாதாவே, எப்படித் தெரிஞ்சுது அதுக்கு?"

அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "போன் ஒட்டுக் கேக்குதும்மா. நான் வீட்ல மீன்தொட்டி பத்திப் பேசுனேன், மறுநாள் போனைத் தொறந்தா மீன்தொட்டி விளம்பரமா வருது. உன் சத்தம் அமெரிக்கா வரைக்கும் கேட்டிருக்கும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேமராவா, மைக்கா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த யார்டில் எல்லோரும் போனைத்தான் சந்தேகப்பட்டார்கள். என்னை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

அன்றிலிருந்து அவள் குரல் இறங்கியது. நம்ப முடியவில்லை எனக்கு. ஒரு மேனேஜருக்கும் அடங்காதவள் அரைப் பக்க அறிக்கைக்கு அடங்கிவிட்டாள். டிரைவர்களிடம் "தம்பி, லாக் போட்டாச்சா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டாள். சாயங்காலம் என் அறைக்கு வந்து, "இப்பம் அந்த ஆள்ட்ட பேசுனேன்லா, கோவமாவா இருந்துச்சு?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "எனக்கே தெரியலளா. வீட்லயும் இப்படித்தான் இருந்திருக்கேன் போல. பிள்ளைங்க பாவம்" என்பாள். ஒரு டிரைவர் என்னிடமே வந்து விசாரித்தார். "அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்லையா? சத்தத்தையே காணுமே."

இரண்டு மாதம் கழித்து ஒரு டிரெய்லர், பின்பக்க லாக் இரண்டும் போடாமல் கேட்டைத் தாண்டிப் போனது. அவள் பார்த்திருக்கிறாள், சொல்லியும் இருக்கிறாள். மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். எஞ்சின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. சாலைத் திருப்பத்தில் பெட்டி ஒரு பக்கம் தூக்கியதைப் பார்த்த எதிர் வண்டிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தியிருக்கிறார். அந்தத் திருப்பத்தில் இளநீர்க் கடை இருக்கிறது. கடையைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்சார்ஜ் என்ற முறையில் சம்பவ அறிக்கை நான்தான் எழுத வேண்டும். 'கேட் பணியாளர் உரிய முறையில் எச்சரிக்கத் தவறினார்' என்ற வரி வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுந்து கேட்டுக்குப் போனேன். அவள் கேட் கூண்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பரிசோதனையில உனக்குக் கோபம் அதிகம்னு மெஷின் கண்டுபிடிக்கல," என்றேன். "நான்தான் அப்படித் தட்டுனேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா?"

"ஆமா."

"தெரியாம பட்டுருச்சா?"

எவ்வளவு நல்ல வழி அது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "இல்ல, தெரிஞ்சுதான்," என்றேன். "அன்னைக்குக் காலைல நீ என்னை ஏசுனேல்லா. அந்த எரிச்சல். அந்த வேலை எனக்கு வேணும்னும் இருந்துச்சு."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்வேன். ஒரு டிரெய்லர் வந்து நின்றது. அவள் இறங்கிப் போய் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்து, சீலைச் சரிபார்த்து, கையசைத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உன்னோடத யாருளா தட்டுனா?"

"நானேதான்."

மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"அதை எங்கிட்ட தந்திருக்கலாம்லா. எல்லாம் நல்லதாத் தட்டி விட்டுருப்பனே."

தட்டியிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.