பச்சைக்குள் இருந்த நீலம்

எனக்கு மூக்கின் நுனியில் கோபம். அந்தக் கோபத்தால் நான் கெடுத்துக்கொண்டவற்றில் இன்றைக்கும் என்னை உறுத்துவது ஒன்றுதான்.

துறைமுகத்தடியில் எங்கள் அலுவலகம். அடுத்த கதிரையில் இருந்தவன் மூதூர் முஸ்லிம். தினமும் லோஞ்சில் கடலைக் கடந்து வந்து போவான். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டோம். இருவருக்கும் லவ் பேர்ட்ஸ் பைத்தியம். அவனிடம் நீலக் குருவிகள் இருந்தன. என்னிடம் வெறும் பச்சை. என் கூட்டிலும் ஒரு நீலம் பொரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரடங்கும் இராணுவச் சுற்றிவளைப்புமாய்ப் போன யுத்த நாட்களில் ஆசைப்படுவதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் அவன் ஒரு சோடி கொண்டுவந்து தந்தான். இரண்டும் பச்சை. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"பொறு மச்சான். ஆணுக்குத் தாய் நீலம். பெட்டைக்கு வாப்பா நீலம். ரெண்டுக்கும் உள்ளுக்கு நீலம் இரிக்கு" என்றான்.

நீலத்தைப் பச்சை மூடிவிடும், வெளியே பார்த்துச் சொல்ல ஏலாது என்று விளக்கினான். இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் குஞ்சில் தெரியும். அதுவும் நாலில் ஒன்று வரலாம். வரலாம் என்றுதான் சொன்னான். நான் வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

"சோடி சேர்க்க முந்தி தாய் தகப்பனப் பார்க்கோணும். ஞாயிற்றுக்கிழமை மூதூருக்கு வா. என்ட கூடுகளப் பாரு, சாப்பிட்டுப் போ."

நான் போகவில்லை. கடல் சரியில்லை என்றேன், காய்ச்சல் என்றேன். உண்மையில் பயம். முஸ்லிம்கள் பக்கம் தமிழர் நாங்கள் போவதும் எங்கள் பக்கம் அவர்கள் வருவதும் குறைந்திருந்த காலம் அது. அவன் மட்டும் தினமும் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான். அது எனக்கு உறைக்கவேயில்லை.

முதல் முறை ஐந்து குஞ்சு. ஐந்தும் பச்சை. இரண்டாம் முறை நாலு. அதுவும் பச்சை. கடைசிக் குஞ்சுக்கு இறகு முளைத்த அன்று காலை, அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாய் நான் அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்கட ஆக்களிட கதையை நம்பினது என்ர பிழை" என்றேன்.

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. உன்ர கதை என்று சொல்லியிருந்தால் அது குருவிச் சண்டையோடு போயிருக்கும். அவன் என்னைப் பார்த்தான். "இன்னும் பொரிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் குனிந்தான். அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர நாங்கள் கதைக்கவில்லை.

பத்து நாள் ஆகவில்லை, மூதூரில் இராணுவத்துக்கும் ஆயுத இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. லோஞ்ச் நின்றது. சனம் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்ப் பக்கம் ஓடியது என்றார்கள். அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க ஆள் இருக்க வேண்டுமே என்று பயந்தேன்.

அந்த நாட்களில்தான் கூட்டுக்குள் கட்டியிருந்த மண்முட்டியில் மூன்றாம் முறை பொரித்தது. முதல் குஞ்சுக்கு இறகு வந்தபோது தலையில் மஞ்சள் இல்லை, வெள்ளை. நெஞ்சு நீலம். ஒரு பொட்டுச் சந்தோஷம்கூட வரவில்லை.

விசாரித்து விசாரித்து, கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று அறிந்து பஸ் ஏறினேன். வகுப்பறைக்குள் மனைவி பிள்ளைகளோடு பாயில் இருந்தான். பாதி ஆளாகிவிட்டிருந்தான். குருவிகளைக் கேட்டேன்.

"கூடுகளத் திறந்து விட்டுட்டுத்தான் ஓடினம்" என்றான்.

"மச்சான், நீலம் பொரிச்சிருக்கு. நீ சொன்னது சரி. நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"எத்தினையாவது குஞ்சு?"

"பத்தாவது."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்; அவன் குரலில் அது இல்லை.

"நான் நாளாந்தம் ஒங்கட பக்கம் வந்து போனன் மச்சான். ஒன்ன நம்புறதுக்கு எனக்கு ஒரு குஞ்சும் தேவைப்படல்ல."